சூறாவளிக்குப் பிறகு வந்த இருட்டு

டித்வா வந்த அந்தக் கிழமை, 2025 நவம்பர் கடைசியில், எங்கள் லேனில் கரண்ட் இல்லாமல் இருந்தது ஒரு இரவும் அடுத்த நாள் பகலும்தான். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இருக்கிற ஒரு ஒழுங்கை. ஒரு பெரிய மரக்கொப்பு முறிந்து வயர்களுக்கு மேலே விழுந்து கிடந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் எங்கள் தோழி ஒருத்தியின் பிளாட்டில் மெழுகுதிரி கொளுத்திவைத்துக்கொண்டு, யாருடைய போனில் எத்தனை வீதம் சார்ஜ் இருக்கிறது என்று ஆளுக்காள் கேட்டுக்கொண்டிருந்தோம். பதுளைப் பக்கத்து நண்பி ஒருத்திக்கு அழைப்பு எடுபடவே இல்லை. அங்கே கரண்ட் போய், பிறகு போன் கோபுரங்களின் பற்றறியும் இறங்கியிருக்கவேண்டும் என்று ஒருவன் சொன்னான். மூன்று நாளாக அந்த இலக்கத்தை மாறி மாறி அடித்துப் பார்த்தோம்.

தோழியின் பெத்தா மூலையில் சாய்மனைக் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. மட்டக்களப்பு, கல்லடி ஆள். "இது இருட்டில்ல மனே. இருட்டெண்டா எழுபத்தெட்டு" என்றா.

அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை எழுதத் தொடங்கினோம். இடையில் நடந்த ஒரு விசயத்தால் இது கொஞ்சம் வேறு திசைக்குப் போய்விட்டது.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. கிழக்குக் கரையை அடித்த அந்தப் புயலைப் பற்றி எங்கள் பாடப்புத்தகங்களில் இரண்டு வரிக்கு மேல் படித்ததாக எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களில் காலத்தை அளக்கிறதே அதை வைத்துத்தான். "சூறாவளிக்கு முதல்", "சூறாவளிக்குப் பிறகு". சூறாவளி என்றால் வேறெதுவும் இல்லை, அது ஒன்றுதான். அன்று பின்னேரம் தொடங்கி இரவிரவாக அடித்துவிட்டு, தீவைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாப் பக்கம் போய், மறுநாள் தமிழ்நாட்டில் இராமநாதபுரக் கரையில் ஏறியது.

கணக்குகள் இப்படி: இறந்தவர்கள் 915 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் பத்து இலட்சத்துக்கு மேல். சேதமான வீடுகள் கிட்டத்தட்ட இரண்டரை இலட்சம், பள்ளிக்கூடக் கட்டடங்கள் 240. மட்டக்களப்பு மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒரு பங்கு போனது. நெல் களஞ்சியங்கள் பதினொன்றில் ஒன்பது போனது. மாவட்டத்தில் இருந்த 28,000 ஏக்கர் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு அழிந்தது. இந்தப் பட்டியலின் கடைசியில், பெரும்பாலும் ஒரே வரியில், ஒன்று வரும்: 130 மைல் மின்கம்பி சேதம்.

130 மைல் என்றால் 210 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து அநுராதபுரத்துக்குப் போகிற தூரம். அவ்வளவு கம்பி நிலத்தில் கிடந்தால் அந்த ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் இருந்திருக்கும்? அந்த நாட்களில் சனம் எப்படிச் சமாளித்தது? நாங்கள் தேடிப் பார்த்த பட்டியல்களில் அது இல்லை. கம்பியை அளந்திருக்கிறார்கள், இருட்டை அளக்கவில்லை.

பெத்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கல்யாணம் கட்டி ஒரு வருசம். அவ சொன்னதை அவவின் வாயாலேயே போடுகிறோம்: "பின்னேரத்தில இருந்து காத்து. ஓடெல்லாம் பறக்குது. மறுகா கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்ல. அடங்கிட்டு எண்டு வெளியில வந்து பாக்கம். மறுகா அடுத்த பக்கத்தால கிறுகி அடிச்சிச்சு பாரு, அதுதான் எல்லாத்தையும் கொண்டு போனது." புயலின் கண் தலைக்கு மேலால் போகும்போது நடப்பது இதுதான். நடுவில் காற்றில்லை, கண்ணைச் சுற்றித்தான் காற்று சுழலும். கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் காற்றுக்கு நெளிந்துகொடுத்து நின்ற மரங்களும் கம்பங்களும் இரண்டாம் காற்றுக்கு முறிவது இதனால்தான்.

அடுத்த நாள் விடிந்தபோது தென்னைகளுக்குத் தலை இல்லை என்றா. நாங்கள் உடனே கரண்ட் கதைக்கு வந்தோம். எத்தனை நாள் கரண்ட் இல்லை பெத்தா? அவ எங்களை ஒரு மாதிரிப் பார்த்தா. "எங்கட வீட்டில எப்ப கரண்ட் இருந்தது, போறதுக்கு?"

எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் போனது. 1981 குடிசன மதிப்பீட்டின்போதுகூட இந்த நாட்டில் ஏறத்தாழ ஏழு வீட்டுக்கு ஒரு வீடுதான் மின்வெளிச்சத்தில் இருந்தது. லக்‌ஷபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. இங்கினியாகலை கல்லோயாத் திட்டத்தோடு வந்தது. இலங்கை மின்சார சபை 1969இல் உருவானது. என்றாலும் கம்பி போனது பட்டினங்களுக்கும் ஆலைகளுக்கும், கச்சேரிக்கும், ஆஸ்பத்திரிக்கும்தான். தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்தது 1979இல். ஆக 1978 கிழக்கின் பெரும்பாலான வீடுகள் ஏற்கெனவே விளக்கு வீடுகள். புயல் அவர்களிடமிருந்து பல்பைப் பறிக்கவில்லை. மண்ணெண்ணெயையும் நெருப்புப்பெட்டியையும்தான் பறித்தது.

நெருப்புப்பெட்டியில்தான் பெத்தா நிறைய நேரம் நின்றா. வீட்டில் இருந்த எல்லாம் நனைந்துவிட்டது. கடையில் இருந்ததும் நனைந்துவிட்டது. பக்கத்து வளவில் ஒரு கிழவி வெற்றிலைப் பெட்டிக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு பெட்டி மட்டும் காய்ந்திருந்தது. அதில் பற்றவைத்த அடுப்பை அந்த ஒழுங்கைச் சனம் அணையவிடவில்லை. காலையிலும் பின்னேரமும் பொச்சுமட்டையில் தணல் வாங்கிக்கொண்டு போவார்களாம். விறகுக்குப் பஞ்சமில்லை, ஊரே விறகாகக் கிடந்தது. ஆனால் எல்லாம் பச்சை, எல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். வெளிச்சத்துக்குத் தேங்காயெண்ணெயில் சிட்டி விளக்கு. தேய்பிறைக் காலம் வேறு, நிலவு நடுச்சாமத்துக்குப் பிறகுதான் எழும்பும். ஒரு கிழமையில் அமாவாசையும் வந்துவிட்டது.

தேங்காய் விசயம் விசித்திரமானது. விழுந்த மரங்களில் இருந்த காய்கள் எல்லாம் முதலில் சும்மா கிடைத்தன. கொஞ்ச நாளைக்குச் சொதியும் சம்பலும் எண்ணெயும் தாராளம். பிறகு இல்லை. தென்னம்பிள்ளை நட்டுக் காய்க்க ஆறேழு வருசம் எடுக்கும். புயலுக்கு முதல் தேங்காய் விற்ற வீடுகள் புயலுக்குப் பிறகு தேங்காய் வாங்கின. தேங்காயெண்ணெய் விளக்குக்கும் அதுதான் கதி. வெளிச்சத்தின் விலை தென்னையின் தலையில் இருந்திருக்கிறது என்பதை நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை.

தண்ணி? கிணறுகள் இருந்தன. குப்பையும் ஓடும் செத்த கோழியும் விழுந்து கிடந்ததை அள்ளி எறிந்து, இறைத்து, பிறகு பாவித்தார்கள். கஷ்டம்தான். ஆனால் கயிறும் வாளியும் இருந்தால் போதும், மோட்டர் தேவையில்லை. செய்தி பற்றறி றேடியோவில் வந்தது. ஒரு வீட்டு றேடியோவுக்கு முப்பது காது.

இந்த இடத்தில் ஒரு விலகல். யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்கள் குழுவில் அதிகம். இருட்டு என்று பேச்சு எடுத்தாலே அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். 1990 நடுப்பகுதியில் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. ஐந்து வருசத்துக்கு மேல். அது புயலால் வந்ததில்லை, மனிசர் செய்தது. அதனால் அதையும் இதையும் ஒன்றாக்க நாங்கள் விரும்பவில்லை. மண்ணெண்ணெயும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்த காலம். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அதில் துளித்துளியாக எண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு எரித்த விளக்கில்தான் ஒரு தலைமுறை ஏ.எல். படித்தது. போத்தலின் சுவரே காற்றை மறைக்கும், எண்ணெயும் மிச்சம். சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து றேடியோவுக்குக் கரண்ட் எடுத்துச் செய்தி கேட்டார்கள். செய்தி முடியும்வரை சுற்றுகிறவன் நிப்பாட்ட ஏலாது. எங்களில் ஒருவனின் மாமா, செய்தியில் என்ன சொன்னார்கள் என்று தனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை, மூச்சு வாங்கியது மட்டும்தான் ஞாபகம் என்பார்.

இந்தக் கதைகளை நாங்கள் பெருமையாகத்தான் சொல்லி வளர்ந்தோம். எங்கட சனம் எதையும் சமாளிக்கும் என்று. ஒரு இரவு கரண்ட் போனதில் அந்தப் பெருமை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

நடந்தது இதுதான். பெத்தாவுக்கு ஆஸ்துமா. ஈரக் காற்றில் இரவு ஒரு மணிபோல இழுக்கத் தொடங்கியது. நெபியுலைசர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, குத்துவதற்கு பிளக்கில் கரண்ட் இல்லை. பவர் பேங்கில் அது ஓடாது. கட்டடத்துக்கு ஜெனரேற்றர் இருந்தது, மாதாமாதம் பராமரிப்புக் காசும் வாங்குகிறார்கள், அன்றிரவு டீசல் இருக்கவில்லை. லிஃப்ட் இல்லை. ஆறாம் மாடி. பிளாஸ்டிக் கதிரையில் பெத்தாவை இருத்தி, நாலு பேர் பிடித்து, போன் வெளிச்சத்தில் படி படியாக இறக்கினோம். மூன்றாம் மாடி வளைவில் கதிரைக் கால் ஒன்று வெடித்தது. காலி வீதிக்கு அங்கால் ஒரு லேனில் கரண்ட் இருந்தது. அறிமுகமே இல்லாத ஒரு வீட்டு மணியை அடித்தோம். சிங்களக் குடும்பம், அந்த வீட்டு அங்கிள் சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். பத்து நிமிசத்தில் பெத்தா மூச்சு விட்டா. விடியும்வரை அங்கேயே இருந்தோம், பிளேன்ரீயும் தந்தார்கள்.

அந்தப் பக்கம் கரண்ட் இருந்ததும் எங்கள் பக்கம் இல்லாததும் எப்படி என்று பிறகு தேடிப் படித்தோம். மின்சாரம் நிலையத்திலிருந்து 220 அல்லது 132 கிலோவோல்ற் பெரிய கம்பிகளில் வரும். கிரிட் உபநிலையத்தில் 33 அல்லது 11 கிலோவோல்ற்றாக இறங்கும். லேன் முனையில் நிற்கிற ட்ரான்ஸ்போமரில் 400, 230 வோல்ற்றாகி வீட்டுக்குள் வரும். கொழும்பு நகரத்துக்குள் 11 கிலோவோல்ற் கேபிள்களில் பெரும்பகுதி நிலத்துக்கடியில் போகிறது. அதனால்தான் காற்றுக்குக் கொழும்பு அவ்வளவு சுலபமாக முழுதாக இருளாது. எங்கள் லேன் போல, கடைசித் துண்டு மட்டும் கம்பத்தில் தொங்குகிற இடங்கள்தான் மரத்துக்கு மாட்டுப்படும். எதிர்ப்பக்கம் வேறு ட்ரான்ஸ்போமர். அவ்வளவுதான் வித்தியாசம்.

திருத்துகிற ஒழுங்கும் இதேதான். முதலில் பெரிய கம்பிகள், உபநிலையங்கள். அடுத்து ஆஸ்பத்திரி, நீர் இறைக்கும் நிலையங்கள். பிறகு நிறையப் பேருக்குப் போகிற ஃபீடர்கள். ஒரு மரம், ஒரு கம்பம், நாலு வீடு என்கிற இடங்கள் கடைசியில். ஒரு குழு ஒரு நாள் வேலையில் பத்தாயிரம் வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கலாம் என்றால் பத்து வீட்டுக்கு ஏன் முதலில் போகவேண்டும்? கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்குப்படி எப்போதும் கடைசியில் நிற்பது ஒரே ஆட்கள்தான். தூரத்து ஆட்கள், ஐதாக இருக்கிற ஆட்கள், லயத்து ஆட்கள், ஆற்றுக்கு அங்கால் இருக்கிற ஆட்கள். டித்வாவில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஒரு கட்டத்தில் நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்குக் கரண்டும் குழாய்த் தண்ணியும் இல்லை என்று செய்திகள் வந்தன. எங்களுக்கு அடுத்த நாள் பின்னேரம் வெளிச்சம் வந்தபோது நாங்கள் கை தட்டினோம். பதுளை நண்பியின் இலக்கம் அப்போதும் எடுபடவில்லை. (அவள் சுகமாக இருந்தாள். நாலாம் நாள் ஒரு மிஸ்ட் கோல் வந்தது.)

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தக் கதை உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியது. யாழ்ப்பாணத்துக்கு நேரெதிர்க் கரை. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகள் 1978 மட்டக்களப்பு மாதிரியே கிடந்தன. வேறு மாவட்டங்களிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, வயல் சேற்றுக்குள் இறங்கிக் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். அப்படியும் உள் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. அங்கே கரண்ட் என்றால் முதலில் தண்ணிதான். மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்ற மோட்டர் ஓடவேண்டும். வாடகை ஜெனரேற்றரை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டி நிரப்பினார்கள்.

எங்களை உலுக்கிய கணக்கு வேறொரு தீவில் இருக்கிறது. 2017 செப்டெம்பரில் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவை அடித்தது. கடைசி வீடுகளுக்குக் கரண்ட் வர கிட்டத்தட்ட பதினொரு மாதம் எடுத்தது, அமெரிக்க வரலாற்றில் ஆக நீண்ட மின்வெட்டு அதுதான். அரசாங்கம் முதலில் சொன்ன இறப்புக் கணக்கு 64. ஜோர்ஜ் வோஷிங்டன் பல்கலைக்கழகம் அடுத்த ஆறு மாதத்து இறப்புகளையும் வழமையான வருசங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அது 2,975 ஆனது. அரசாங்கமும் பிறகு அதை ஏற்றுக்கொண்டது. அதிகம் போனது வயதுபோனவர்களும் ஏழைகளும். காற்றில் பறந்து சாகவில்லை. டயாலிசிஸ் இல்லாமல், ஒட்சிசன் இல்லாமல், குளிரில் வைக்கவேண்டிய இன்சுலின் பழுதாகி, அம்புலன்ஸுக்கு எடுக்க போன் இல்லாமல்.

அதைப் படித்துவிட்டு 915 என்ற எண்ணைத் திரும்பிப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. நவம்பர் 23 இரவுக்குப் பிறகு, கூரை இல்லாத வீட்டில் மார்கழி மழையில் நனைந்த குழந்தைகளை, ஆஸ்பத்திரிக்கு வரமுடியாத பிள்ளைத்தாய்ச்சிகளை அந்த எண்ணுக்குள் யாராவது சேர்த்தார்களா? பெத்தாவின் மாமியார் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை நெஞ்சுச் சளியில் போனவ. அவவைச் சூறாவளியில் செத்தவ என்று வீட்டில் சொல்வார்கள், பதிவில் அப்படி இருக்காது.

ஆகவே 1978ஐயும் எங்களையும் ஒப்பிட்டு, அந்தக் காலத்து ஆட்கள் பலசாலிகள், நாங்கள் பஞ்சுப் பொதிகள் என்று முடிக்க எங்களுக்கு மனமில்லை. அந்தப் பேச்சு நிறையக் கேட்டாயிற்று. அவர்களும் செத்தார்கள், கணக்கில் வராமல் செத்தார்கள். இன்றைக்கு நெபியுலைசரால் உயிரோடு இருக்கிற பெத்தா எழுபத்தெட்டில் இந்த ஆஸ்துமாவோடு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவவுக்கே தெரியும். கரண்ட் எங்களைக் கெடுக்கவில்லை. ஆனால் அப்போது ஏழு வீட்டுக்கு ஒன்று, இப்போது எல்லா வீடும். மூச்சு, தண்ணி, படி, போன், காசு எல்லாம் ஒரே வயரில் தொங்குகிறது, அந்த வயர் மட்டும் இன்னும் மரத்துக்குப் பக்கத்தால்தான் போகிறது. 2022 மார்ச் கடைசியில் புயலே இல்லாமல், எரிபொருள் வாங்கக் காசில்லாமல், 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்னார். அன்றைக்குச் சிரித்தோம். அன்றைக்கு யாரும் எங்கள் வீட்டில் இழுக்கவில்லை, அதுதான் காரணம்.

டிசம்பரில் நாங்கள் லேன் முழுக்க நடந்தோம். கணக்கெடுப்பு என்று சொன்னால் பெரிய சொல், ஒரு கொப்பித்தாள்தான். எந்தக் கட்டடத்தில் யாருக்கு ஒட்சிசன், யாருக்கு நெபியுலைசர், யார் வீட்டு இன்சுலின், யார் தனிய இருக்கிற வயதுபோனவர், எந்த ஜெனரேற்றரில் உண்மையாக டீசல் இருக்கிறது. எங்கள் லேனுக்குள்ளேயே எந்த வீடு எந்த ட்ரான்ஸ்போமரில் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போன இரவு யார் வீட்டில் இருந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தோம். பழைய வீடு ஒன்றின் பின்வளவில் கொங்கிறீற் மூடி போட்ட கிணறு இருக்கிறது. இருபது வருசமாகத் திறக்கவில்லையாம், வீட்டுக்காரர் மூடியைத் தூக்கிப் பார்க்கச் சம்மதித்தார், தண்ணி கிடக்கிறது. குடிக்க ஏலாது, கக்கூசுக்குக் காணும். இன்சுலினுக்கு ஒரு மண்பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் ஈரமணல் போடுகிற முறையைக் கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஒருத்தி செய்து பார்க்கிறாள். ஃபிரிட்ஜ் குளிர் வராது, ஆனால் வெளியில் வைக்கிறதைவிடத் திறம். நாலு வீட்டில் கதவையே திறக்கவில்லை. ஒரு வீட்டில், நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

பெத்தாவிடம் என்ன வாங்கிவைக்கவேண்டும் என்று கேட்டோம். நெருப்புப்பெட்டி, பொலித்தீனில் சுற்றி, மூன்று இடத்தில், என்றா. பிறகு ஒரு அரிக்கன் லாம்பு. லாம்பு புறக்கோட்டையில் முதல் கடையிலேயே கிடைத்தது. சிமிலிக்குத்தான் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கவேண்டியிருந்தது.